செம்பில் ஒரு கல் உப்பு

ராசா, எழுந்திருக்க வேண்டாம். படுத்தபடியே கேள். சுவர்ப் பக்கம் திரும்பியே கேள். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. கொடுத்தால் பாய்க்கு அடியில் செருகிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாய். அதனால் உன் எதிர்க்கடை ராவுத்தரிடம் கொடுத்து, உன் கதவுக்கு வெளியே நின்று உரக்க வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டால் கேட்கட்டும். உனக்கு நான் செய்ததை ஊர் பார்க்கத்தான் செய்தேன். அது தப்பு என்று சொல்வதையும் ஊர் கேட்கத்தான் சொல்ல வேண்டும்.

கடிதம் என்றால் நலம் விசாரித்துத் தொடங்க வேண்டுமாம். நீ நலமில்லை என்று எனக்குத் தெரியும். பிறகு எதற்கு விசாரிப்பு? என் எழுத்தும் கோணல்மாணலாகத்தான் இருக்கும், ராவுத்தர் பொறுத்துக்கொள்ளட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு நடுவில் சுவரேறிக் குதித்து ஓடிவந்தவள் நான். யாரும் என் படிப்பை நிறுத்தவில்லை, நானாகத்தான் நிறுத்தினேன். ஒரே இடத்தில் கால் மடக்கி உட்காரச் சொன்னார்கள், என்னால் ஆகவில்லை. அன்றைக்கு ஓட ஆரம்பித்தவள்தான். பதினாலு வயதில் கல்யாணம், பதினாறில் நீ. சுந்தரபாண்டியத்தில் மொச்சையும் அவரையும் வாங்கித் தலையில் சுமந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தையில் விற்றேன். அங்கே கிடைக்காத நாளில் மகாராஜபுரம் வரை நடந்தேன். இப்போது எனக்கு முப்பத்தைந்து. இத்தனை வருஷத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷரைக் கண்டாலே எனக்கு ஆத்திரம் வரும். படுத்திருக்கிற மனுஷரைக் கண்டால் கேட்கவே வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாத் தப்பும் இதிலிருந்து வந்ததுதான்.

போன சந்தையன்று நான் மொச்சைக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தபோது ராஜபாளையத்திலிருந்து வந்த ஒரு பருத்தி வண்டியிலிருந்து உன் பெண்டாட்டி பேச்சி குதித்து வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே கூடையைத் தரையில் போட்டேன்.

“அத்தே, பதினெட்டு நாளாச்சு. அவிய எந்திரிக்கவே மாட்டேங்காவ.”

“காய்ச்சலா?”

“ஒடம்பு சுடல. தலவலி இல்ல, வயித்துவலி இல்ல. கேட்டா ஒண்ணுமில்லங்காவ. செவத்தப் பாத்துப் படுத்துருக்காவ. ரெண்டு வாய் கஞ்சிக்கு மேல எறங்க மாட்டேங்கு.”

“இப்பவே வாரேன். ஏறு வண்டில.”

பேச்சி ஏறவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“என்னட்டி முழிக்க?”

“ஒங்க அம்மாவக் கூட்டியாரட்டுமான்னு நேத்துக் கேட்டேன் அத்தே. அதுக்கு மட்டுந்தான் வாயத் தொறந்தாவ.”

“என்ன சொன்னான்?”

“அவ வந்தா நான் எங்கிட்டாவது போயிருவேன்னாவ.”

நான் கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அடியில் மொச்சை நசுங்குகிற சத்தம் கேட்டது. பேச்சி, “கோவிச்சுக்கிடாதீய அத்தே, அவிய மனசாரச் சொல்லல,” என்று என் தோளைப் பிடித்தாள். கோபமா? எனக்குக் கோபமே வரவில்லை, ராசா. பயம்தான் வந்தது. இப்போதும் பயம்தான். ஏனென்றால் நீ சொன்னதை, சொல்லாமலே செய்த ஒருவரை எனக்குத் தெரியும்.

உன் அப்பா கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறார், வருவார் என்று சொல்லி உன்னை வளர்த்தேன். ராவுத்தரே, இந்த இடத்தில் நிறுத்தாதீர்கள், வாசியுங்கள். அது பொய். அவர் கண்டிக்குப் போனாரா, காசிக்குப் போனாரா, எந்தத் திசையில் போனார் என்று எனக்குத் தெரியாது. எதனால் போனார் என்று மட்டும் தெரியும்.

அப்போது உனக்கு ஆறு வயது. அவர் சாத்தூருக்குப் பருத்திப் பொதி ஏற்றிப் போகிற வண்டிக்காரர். மழைக்காலத்தில் கரிசல் பாதையில் சக்கரம் புதையும் என்பதால் வண்டி ஓடாது. இரண்டு மாடுகளும் தொழுவத்தில் படுத்து அசைபோடும். அதுகளுக்கு நான் பருத்திக்கொட்டை ஆட்டிக் கொடுத்தேன், வைக்கோலால் முதுகைத் தேய்த்துவிட்டேன், வருஷமெல்லாம் இழுத்த மாடு, பாவம், செத்த நேரம் கிடக்கட்டும் என்றேன். அதே மாடுகளோடு அதே வண்டியை வருஷமெல்லாம் ஓட்டியவர் உள்ளே கம்பளியைப் போர்த்திப் படுத்திருந்தார். அவரை மட்டும் சோம்பேறி என்றேன். கார்த்திகை வந்தால் அவருக்கு அப்படித்தான் ஆகும். மலையிலிருந்து மேகம் இறங்கி ஊர்மேல் உட்காரும், மாலையில் நேரத்தோடு மலைக்குப் பின்னால் பொழுது சாயும், அவர் பேச்சும் அதோடு சாய்ந்துவிடும். தை பிறந்து வெயில் ஏறினால் தானாக எழுந்து வண்டி அச்சுக்கு மசகு போடுவார். ஏழெட்டு வருஷம் கூடவே இருந்து பார்த்தவள் நான். பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

அந்த மார்கழியில் ஒருநாள் தெருவெல்லாம் பெண்கள் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கூடை எடுக்கப் போகிற அவசரத்தில் இருந்தேன். உள்ளே போய்க் கம்பளியை உருவினேன். உருவிய கையோடு என் பழைய வளையல் நாலையும் விளக்குமாற்றையும் கொண்டுபோய் அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு, வாசல் கதவை அகலத் திறந்தேன்.

“எல்லாரும் வந்து பாருங்க. எங்க வீட்டு மூதேவி இன்னும் எந்திரிக்கல. வளவியப் போட்டுக்கிட்டு வாசத் தெளிக்கப் போவுது, பாருங்க.”

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “செத்த நேரம் கெடந்துக்கிடுதேன் புள்ள. பொறவு எந்திரிக்கேன்.”

“எம்புட்டு நேரம்? தை வரைக்குமா?”

“ஆமா. தை வரைக்கும்.”

கோலம் போட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, ராசா. தன் உடம்பைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். இருபது நாள் கேட்டார். அதைக் கூட நான் கொடுக்கவில்லை. எழுந்து கம்பளியை நாலாக மடித்தார், மாடத்துக்குக் கீழே வைத்தார், மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினார், உன் தலையைத் தொட்டார், போனார். அவ்வளவுதான். வண்டியையும் எடுத்துக்கொள்ளவில்லை, மாட்டையும் அவிழ்க்கவில்லை. குளிக்கப் போகிறார் என்று நினைத்து நான் சுந்தரபாண்டியத்துக்குப் போய்விட்டேன்.

இதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதுதான் கேவலம். நீ வளர்ந்தாய். மீசை அரும்புகிற வயதில் உனக்கும் கார்த்திகையில் பேச்சுக் குறைந்ததைப் பார்த்தேன். அப்பனைப் போலவே ஆகிவிடுவானோ என்று எனக்குள் ஒரு பதற்றம். அந்தப் பதற்றத்தில்தான் இன்னும் கொடுமைக்காரி ஆனேன். மார்கழியில் விடிந்த பிறகு பாயில் கிடந்தால் அந்த வீட்டில் மூதேவி தங்கிவிடுவாள் என்று ஊரே சொல்கிறது. நானும் நம்பினேன். உன் பாயைச் சுருட்டிக் கூரை எறவாணத்தில் செருகினேன். நீ வெறுந்தரையில் படுத்தாய். தரையில் தண்ணீர் ஊற்றினேன். நீ மூலையில் சுருண்டாய்.

மூன்று வருஷத்துக்கு முந்திய மார்கழியில் நான் செய்ததை இப்போது சொல்ல வேண்டும். நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும். இரண்டு வண்டிக்காரர்களை அழைத்துவந்து உன்னைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கித் திருமுக்குளத்துக்குக் கொண்டுபோனேன். நாச்சியாருக்கு நீராட்டு உற்சவம் நடக்கிற நாள். படியெல்லாம் ஜனம். தண்ணீர் அப்படியே பனிக்கட்டி. “மூணு முங்கு முக்குங்கலே, மூதேவி எறங்கி ஓடட்டும்,” என்று கத்தினேன். முக்கினார்கள். உன் உதடு நீலமாகிவிட்டது. நீ கத்தவில்லை, திமிறவில்லை. மூன்றாவது முறை மேலே வந்தபோது என்னைப் பார்த்தாய். என் பிள்ளை என்னைப் பார்க்கிற பார்வை இல்லை அது. வழியில் போகிற ஒருத்தியைப் பார்ப்பது போல் பார்த்தாய். படியில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர், “நல்ல வைத்தியம்” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

உன்னை ஈரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் அங்கேயே நின்றேன், உற்சவம் பார்க்க. குளக்கரை மண்டபத்தில் நாச்சியாருக்கு எண்ணெய்க்காப்பு. நாள்கணக்கில் காய்ச்சிய தைலத்தை அவள் தலையில் மெல்ல வைக்கிறார்கள். சிடுக்கு எடுக்கிறார்கள். சீப்பால் வாருகிறார்கள், பின்னுகிறார்கள், பூ வைக்கிறார்கள், கண்ணாடி காட்டுகிறார்கள். ஒருவருக்கும் அவசரம் இல்லை. பின்னால் நின்ற கூட்டம் மூச்சுக் காட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கடைசியில் அந்தத் தைலத்தில் ஒரு துளி என் உள்ளங்கையில் விட்டார்கள். நோய்க்கு நல்லது என்பார்கள். வீட்டில் நீ நடுங்கிக்கொண்டிருந்தாய். நான் அந்தத் துளியை என் முழங்காலில் தேய்த்துக்கொண்டு வந்தேன்.

ஊரே சேர்ந்து தன் பெண்ணுக்கு இந்தக் குளிர் மாதத்தில் எண்ணெய் வைத்து, தலை வாரி, மெல்ல மெல்லப் பார்த்துக்கொள்கிறது. வருஷம் தவறாமல் அதைப் பார்த்து வளர்ந்தவள் நான், அதே குளத்தில் என் பிள்ளையை முக்கினேன். இது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. போன வருஷம் நான் விழுந்தபோதுதான் உறைத்தது.

ஆமாம், நானும் விழுந்தேன். உனக்குத் தெரியாது. நீ ஆவணியில் கல்யாணம் முடித்து, பருத்திக் கிட்டங்கியில் பொதி நிறுக்கிற வேலைக்கு ராஜபாளையம் போனாய். போகும்போது வாசலில் நின்று “வாரேன்” என்று கூடச் சொல்லவில்லை, “போறேன்” என்றாய். கார்த்திகையில் ஒருநாள் சுந்தரபாண்டியம் பாதையில் கூடையை இறக்கி வைத்தேன், களைப்பாற. மறுபடி தூக்க முடியவில்லை. கனம் இல்லை, ராசா. அரைக் கூடைதான். கை தூக்கவில்லை. தூக்குவது எதற்கு என்றே தெரியவில்லை. கூடையைப் பாதையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். அப்புறம் எழவே இல்லை. அழுகை வரவில்லை, பசி வரவில்லை. ஈ முகத்தில் உட்கார்ந்தால் விரட்ட வேண்டும் என்று தோன்றும், கை போகாது. உன் அப்பா எப்படிக் கிடந்தார், நீ எப்படிக் கிடந்தாய் என்று அப்போதுதான் தெரிந்தது. சோம்பல் இப்படி இருக்காது. சோம்பேறிக்குப் படுத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கும். இதில் சுகம் எங்கே இருக்கிறது? உயிர் போனால் தேவலை என்று கூட நினைத்தேன். இதைத் தெருவில் சொல்லலாமா கூடாதா தெரியவில்லை, சொல்கிறேன். நீயும் அப்படி நினைக்கிறாய் என்றால், உன் அம்மாவும் நினைத்தாள், அந்த நினைப்பும் மேகம் போலக் கலைந்தது என்று தெரிந்துகொள்.

என்னைப் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயிதான் எழுப்பினாள். எழுப்பினாள் என்பது தப்பு. அவள் உள்ளேயே வரவில்லை. சாக்கடைத் தண்ணீருக்காக எனக்கும் அவளுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. ஒரு காலையில் என் வாசலில் ஒரு செம்பு வைத்துவிட்டு, ஆகாசத்தைப் பார்த்துக் கத்தினாள்:

“பருத்திப்பால் வச்சிருக்கேன். குடிக்கவ குடிக்கட்டும், நாய் குடிச்சாலும் எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா செம்பு எங்க மாமியா குடுத்தது. பத்திரமா வந்து சேரணும். வெறுஞ்செம்பாத் திருப்பித் தந்தா எங்க வீட்டுக்கு ஆவாது, சொல்லிட்டேன்.”

மறுநாளும் வந்து கத்தினாள். “என்னட்டி, செம்பத் தின்னுட்டியா?”

எனக்கு எரிச்சல் வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த முதல் உணர்ச்சி அந்த எரிச்சல்தான். ஒருவர் வீட்டுச் செம்பை வெறுமனே திருப்பித் தரக்கூடாது, பூவோ பழமோ ஒரு பிடி அரிசியோ போட்டுத்தான் தர வேண்டும் என்பது உடம்பில் ஊறின பழக்கம். செத்துப்போகலாம் என்று நினைத்துக் கிடந்தவளுக்கு, பொன்னுத்தாயி செம்பை வெறுமனே தரக் கூடாதே என்ற கவலை வந்தது, பார். மூன்றாம் நாள் தவழ்ந்துபோய் ஆறி, லேசாகப் புளித்துப்போன பருத்திப்பாலைக் குடித்தேன். கருப்பட்டியும் சுக்கும் தொண்டையில் இறங்கின. பிறகு வீடு முழுக்கத் தேடினேன். ஒன்றும் இல்லை. அரிசிப் பானையில் எறும்பு. உப்புச்சட்டியில் கை விட்டேன், ஒரு கல் தட்டுப்பட்டது. அதைச் செம்பில் போட்டு வாசலில் வைத்தேன். திரும்பி உள்ளே போக உடம்பில் தெம்பு இல்லை. அதனால் அப்படியே கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்தேன். முதுகில் இளவெயில் விழுந்தது.

பொன்னுத்தாயி வந்து செம்பை எடுத்தாள். உள்ளே பார்த்தாள். “ஒரு கல்லு உப்பு போட்டுருக்கா, பெரிய மகாராணி,” என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் செம்பு மறுபடி வந்தது.

அன்றோடு குணமாகிவிட்டது என்று கதை விட மாட்டேன். அடுத்த நாள் மறுபடி விழுந்தேன். பத்து நாள் தூக்கம்தான். ஆனால் அதற்கப்புறம் என்னோடு நானே சண்டை போடுவதை நிறுத்திவிட்டேன். தை வரைக்கும் என்று உன் அப்பா கேட்டாரே, அந்தத் தவணையை நானே எனக்குக் கொடுத்துக்கொண்டேன். தூக்கம் வந்தால் தூங்கினேன். விடிந்தும் தூங்கினேன். மூதேவி வரட்டும், வந்து அவளும் பக்கத்தில் படுத்துக்கொள்ளட்டும் என்றேன். வெயில் வந்தால் மட்டும் பாயை வெயிலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வேன். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று, வாய்க்கோ கைக்கோ பிடித்தது. ஒருநாள் சுட்ட மொச்சைக்காயை உரித்து, உள்ளே இருக்கிற கொட்டையை ஒவ்வொன்றாகத் தின்றேன். அரைப் பொழுது ஆனது. இன்னொரு நாள் விளக்கெண்ணெயைச் சூடுபண்ணி உள்ளங்காலில் தேய்த்தேன். அப்போதுதான் நாச்சியாரின் எண்ணெய்க்காப்பு நினைவுக்கு வந்தது. அன்று முழுக்க அழுதேன். அழுகை வந்தது நல்லதாய்ப் போயிற்று. பொன்னுத்தாயி வீட்டு ஆட்டுக்குட்டி ஒன்று வந்து என் முந்தானையை மென்றது. மெல்லட்டும் என்று விட்டேன். சந்தோஷம் என்று இதைச் சொல்ல மாட்டேன். வலிக்காத நிமிஷங்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். தை பிறந்து பதினைந்து நாள் கழித்து, கூடை மறுபடி என் தலைக்கு ஏறியது.

அப்போதே ஓடிவந்து உன்னிடம் இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். வெட்கம். மொச்சை விற்கப் போய்விட்டேன். ஒரு வருஷம் போய்விட்டது. அந்த ஒரு வருஷத்துக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம்.

அதனால் கேள். தூங்கு. யாரும் உன்னை எழுப்ப மாட்டார்கள். பேச்சியிடம் சொல்லிவிட்டேன், பாயைத் தொடக்கூடாது என்று. உன் கிட்டங்கி முதலாளியிடமும் கேட்டாயிற்று. தெலுங்குப் பேச்சுக்காரர், நான் பேசினது பாதிதான் அவருக்குப் புரிந்திருக்கும். “தை பொறக்கட்டும் அம்மா, அதுவரைக்கும் பருத்தி எங்க வருது? மனுசன் இருந்தாத்தானே வேலை,” என்றார். பேச்சி உச்சந்தலையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய் வைப்பாள், வேண்டாம் என்று சொல்லாதே. வெயில் உன் வீட்டுக்குப் பின்வாசலில்தான் வருகிறது, ஒரு நாழிகைதான் நிற்கிறது. நடந்து போக வேண்டாம், உருண்டு போனாலும் போதும். பொழுது சாய்ந்த பிறகு வருகிற நினைப்பு எதையும் நம்பாதே, அது நீ நினைப்பது அல்ல, இந்தக் காலம் நினைக்க வைப்பது. எங்கேயும் போகாதே, ராசா. இது ஒன்றைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கிட. ஆனால் கிடக்கிற இடத்திலேயே கிட. உன் அப்பாவைத் தேட எனக்குத் திசை தெரியவில்லை. உன்னையும் தேட வைக்காதே.

கடிதத்தோடு ஒரு கம்பளி வரும். அவர் நாலாக மடித்து வைத்துவிட்டுப் போனது. பதின்மூன்று வருஷமாக நான் பிரிக்கவே இல்லை. நேற்றுத்தான் பிரித்து வெயிலில் உதறினேன். போர்த்திக்கொள். இதை இனி யாரும் உருவ மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இல்லை. பேச்சியை அன்றே திருப்பி அனுப்பிவிட்டு மறுநாள் நடந்தே வந்துவிட்டேன். மூன்று நாளாக ராவுத்தர் கடைக்குப் பின்கட்டில் இருக்கிறேன். அவர் சம்சாரம் ஒரு மூலை கொடுத்திருக்கிறார். அவருடைய பொட்டலத் தாளில்தான் இதை எழுதுகிறேன், அதனால்தான் சீரகம் மணக்கிறது. “ஏம்மா, பத்தடி தூரந்தானே, நீயே போய்ச் சொல்லக்கூடாதா?” என்று அவர் கேட்டார். “நான் வந்தா போயிருவேன்னு சொல்லியிருக்கான்,” என்றேன். அவர் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பாய் மாதிரியில்ல நீளுது கடுதாசி? நடுவுல எனக்கு அழுகை வந்தா என்ன செய்ய?” என்றார். “அழுதுக்கிட்டே வாசிங்க,” என்றேன். உன் படியை மிதிக்க மாட்டேன், பயப்படாதே. நீ கூப்பிடாமல் மிதிக்க மாட்டேன். சத்தியம்.

வாசித்து முடித்ததும் ராவுத்தர் உன் வாசல்படியில் ஒரு செம்பு வைப்பார். பருத்திப்பால். பின்கட்டில் மூன்று கல் கூட்டி நானே காய்ச்சினேன். சுக்குக் கொஞ்சம் கூடிப்போயிருக்கும், என் கைக்கு எப்போதும் அவசரம். குடித்தாலும் சரி, பேச்சிக்குக் கொடுத்தாலும் சரி, கீழே ஊற்றினாலும் சரி. செம்பு பொன்னுத்தாயி மாமியார் கொடுத்தது, இரவல் வாங்கி வந்திருக்கிறேன். அதை வெறுமனே திருப்பித் தரக்கூடாது. உப்புச்சட்டி அடுப்புக்கு வலப்பக்கம் இருக்கிறதாம், உன் பாயிலிருந்து நாலு எட்டு. பேச்சியிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். அவளைப் போடச் சொல்லாதே, நீயே போடு. இன்றைக்கு முடியாவிட்டால் நாளைக்கு. நாளைக்கு முடியாவிட்டால் தை பிறந்த பிறகு. ஒரு கல் போதும்.

உன் கதவைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். செம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.